குச்சி ஒரு வீட்டில், பெட்டி ஒரு வீட்டில்: லினக்ஸ் கெர்னலும் கே.வி.எம். டூலும்

கோவில்பட்டிக்காரர்களுக்குத் தீப்பெட்டியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காக மட்டும் ஒரு சின்ன முன்னுரை. குச்சியின் தலையில் இருக்கிற மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் உரசுகிற பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ் உண்டு. இரண்டும் சந்தித்தால்தான் நெருப்பு. குச்சியைச் சும்மா சுவரில் தேய்த்தால் பற்றாது. ஆனால் கோவில்பட்டிக் குச்சியை சிவகாசிப் பெட்டியில் உரசினால் எரியும். சாத்தூர்க் குச்சியைக் கோவில்பட்டிப் பெட்டியில் உரசினாலும் எரியும். குச்சி செய்கிறவர் பெட்டி செய்கிறவரிடம் போய் "அண்ணாச்சி, இந்த வாரம் பட்டையில் ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டால், 2010 முதல் 2013 வரை லினக்ஸ் உலகத்தில் நடந்த ஒரு சண்டை சுலபமாகப் புரியும். சண்டைக்குக் காரணம் ஒரு சின்ன நிரல். அதை லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் மரத்துக்குள்ளேயே வைக்கலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி.

முதலில் கதை மாந்தர்கள். கே.வி.எம். என்பது லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதி. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி ஓடுவதுபோல் காட்டும் விர்ச்சுவல் மெஷின் வித்தைக்கு இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகளிலேயே வசதி வந்தபிறகு, அந்த வசதியைக் கெர்னல் வழியாகத் திறந்துவிட இதை எழுதினார்கள். க்யூம்ரானெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தில் இருந்த ஆவி கிவிட்டி 2006 அக்டோபரில் வெளியிட்டார். 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. கெர்னலுக்குள் நுழைய ஆண்டுக்கணக்கில் வாசலில் நின்றவர்கள் நிறையப் பேர் உண்டு. கே.வி.எம். சில மாதங்களில் உள்ளே போனது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. 2008-ல் ரெட் ஹேட் அந்த நிறுவனத்தையே 10.7 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.

ஆனால் கே.வி.எம். பெட்டியின் பட்டை மட்டும்தான். பிராசசரையும் நினைவகத்தையும் அது பார்த்துக்கொள்ளும். உள்ளே ஓடும் கணினிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு நெட்வொர்க் கார்டு, ஒரு திரை, ஒரு விசைப்பலகை எல்லாம் இருப்பதாகப் பாவனை காட்ட வேண்டுமே, அந்த வேலை கெர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரலுடையது. அந்தக் குச்சியின் பெயர் க்யூஎமு. ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் தொடங்கியது. பிரம்மாண்டமான திட்டம். ஃப்ளாப்பி டிரைவ் முதல் பழைய சவுண்ட் கார்டு வரை அத்தனையையும் நடித்துக் காட்டும். அதன் நிரல் கெர்னலுக்கு வெளியே, வேறு ஆட்கள் கையில், வேறு பழக்கவழக்கங்களோடு வளர்ந்தது. போதாக்குறைக்கு கே.வி.எம்.-காரர்கள் க்யூஎமுவில் ஒரு தனிக் கிளை வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தார்கள். அது 2012 டிசம்பரில் வந்த 1.3 பதிப்பில்தான் தாய்வீடு சேர்ந்தது.

இங்கேதான் இங்கோ மோல்னார் வருகிறார். கெர்னலின் மூத்த ஆட்களில் ஒருவர். கெர்னலின் வேகத்தை அளக்கும் 'பெர்ஃப்' என்ற கருவியைக் கெர்னல் மரத்துக்குள் 'டூல்ஸ்' என்ற அடைவில் வைத்து வளர்த்தவர்களில் முக்கியமானவர். அது 2009-ல் 2.6.31 பதிப்போடு வந்தது. அதற்கு முன் அந்த வேலைக்கு இருந்தது 'ஓப்ரொஃபைல்'. அதில் கெர்னல் பகுதி உள்ளே, பயனர் கருவி வெளியே. பெர்ஃப் வந்தபிறகு ஓப்ரொஃபைல் மெல்ல மங்கிப்போனது. 2021-ல் அதன் கெர்னல் பகுதியையே 5.12 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஆகவே, "கருவியும் கெர்னலும் ஒரே மரத்தில் இருந்தால்தான் இரண்டும் செழிக்கும்" என்று இங்கோ சொன்னபோது அவர் கையில் ஆதாரம் இருந்தது.

2010 மார்ச்சில், பெர்ஃப் கருவியால் விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் அளக்கலாம் என்று ஒரு திருத்தம் வந்தது. அதைப் பற்றிய பேச்சு திசைமாறி, க்யூஎமுவையே கெர்னல் மரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று இங்கோவும், அது வேண்டாத வேலை என்று ஆவி கிவிட்டியும் மடல் மேல் மடலாக மோதிக்கொண்டார்கள். முடிவு ஒன்றும் வரவில்லை. ஒரு வருடம் கழித்து, 2011 மார்ச் 31 அன்று, பெக்கா என்பெர்க் புதிதாக ஒரு குச்சியைச் செய்து கொண்டுவந்தார். அதுதான் 'நேட்டிவ் லினக்ஸ் கே.வி.எம். டூல்'. க்யூஎமுவைத் தொடாமல் ஆரம்பத்திலிருந்து எழுதியது. சுமார் 5,000 வரி சி நிரல். லினக்ஸுக்குள் லினக்ஸை பூட் செய்யும், அவ்வளவுதான். ஃப்ளாப்பி கிடையாது, விண்டோஸ் கிடையாது, அலங்காரம் கிடையாது.

2011 ஜூலையில் 3.1 பதிப்புக்கும், நவம்பரில் 3.2 பதிப்புக்கும் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் சேர்க்கவில்லை. இங்கோ தன் சொந்தக் கிளையில் வைத்துக் காப்பாற்றிவந்தார். 2013-ல் லினஸ் வெளிப்படையாகவே மறுத்தார். இது தனித் திட்டமாக இருப்பதில் என்ன குறை, கெர்னலோடு கட்டிப்போடுவதால் யாருக்கு என்ன லாபம் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். அதோடு இங்கோவின் கிளையிலிருந்தும் அது எடுக்கப்பட்டது.

சரி, இதில் கரிசல்காட்டு மாணவருக்கு என்ன வந்தது?

நிறையவே வந்தது. கெர்னலில் ஒரு வரி மாற்றிப் பார்க்க ஆசைப்படும் ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது ஒரே ஒரு கணினி. கம்பைல் செய்து, புது கெர்னலை கிரப் பட்டியலில் சேர்த்து, ரீபூட் செய்ய வேண்டும். தப்பு இருந்தால் திரை முழுக்க எண்களைக் கொட்டிவிட்டு மெஷின் உறைந்து நிற்கும். திரும்பப் பழைய கெர்னலில் பூட் செய்து, தப்பைத் தேடி, மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு நாலு தடவை முயன்றாலே பெரிது. அதிலும் 2012-ல் தென்மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. அப்போது பாதி கம்பைலில் நின்றுபோன கதைகளை அன்று படித்த சீனியர்களிடம் கேட்டால் சொல்வார்கள். விர்ச்சுவல் மெஷின் இருந்தால் இதெல்லாம் நொடிக்கணக்கு. உள்ளே இருக்கும் கெர்னல் செத்தால் ஒரு ஜன்னல் மூடும், அவ்வளவே.

பெக்காவின் கருவி இந்த இடத்தில் உண்மையிலேயே அழகானது. டிஸ்க் இமேஜ் தயாரிக்கத் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் அடைவுகளையே உள்ளே இருக்கும் லினக்ஸுக்குக் காட்டிவிடும். 'எல்.கே.வி.எம். ரன்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் டெர்மினலிலேயே புது கெர்னல் பேச ஆரம்பிக்கும். க்யூஎமுவின் பக்கம் பக்கமான ஆப்ஷன்களைப் பார்த்து மிரண்டவர்களுக்கு இது வரப்பிரசாதம். கெர்னல் மூலநிரலை இறக்கினாலே இதுவும் கூடவே வரும் என்றால் அந்த மாணவருக்கு ஒரு கதவு திறந்த மாதிரி. இங்கோ அணியின் வாதத்தில் மிக வலுவான பகுதி இதுதான். மற்றவையெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

கரிசல் பாஷையில் சொன்னால், இங்கோ கேட்டது ஊடுபயிர். பருத்திக்குள் உளுந்து போடுவது மாதிரி. ஒரே உழவு, ஒரே மழை, வெள்ளாமை இரண்டு. மானாவாரி நிலத்தில் இது நல்ல யோசனை என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஊடுபயிருக்கு ஒரு கணக்கு உண்டே. உளுந்து இரண்டரை மாதத்துக்குள் வீடு வந்துவிடும். பருத்தி அதன்பிறகும் நிற்கும். அறுப்பு வெவ்வேறு நாளில் வருவதால்தான் இரண்டும் ஒரே காட்டில் ஒத்துப்போகின்றன. உளுந்தைப் பறிக்க வேண்டுமென்றால் பருத்தி வெடிக்கும்வரை காத்திரு என்று சொன்னால் உளுந்து செடியிலேயே வெடித்துக் கொட்டிவிடும்.

கெர்னல் மரத்துக்குள் போன கருவிக்கு இந்த நிலைதான். கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வெளிவரும். அதில் முதல் இரண்டு வாரம்தான் புதுச் சரக்கு ஏற்றும் காலம். மீதி எல்லாம் பிழைதிருத்தம். கருவியில் ஒரு புது வசதி சேர்க்க வேண்டுமானால் அந்த வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். அதைவிடக் கொடுமை அதன்பிறகு நடப்பது. பெர்ஃப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். உபுண்டுவில் அது கெர்னல் பதிப்பு எண்ணோடு கட்டப்பட்ட தொகுப்பாக வரும். கெர்னலை மாற்றிவிட்டு 'பெர்ஃப்' என்று தட்டினால், இந்தக் கெர்னலுக்கு உரிய கருவி இல்லை, இன்ன தொகுப்பை நிறுவு என்று பதில் வரும். வேடிக்கை என்னவென்றால், பழைய பெர்ஃப் புதுக் கெர்னலில் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். ஒரே மரத்தில் இருப்பதால் பதிப்பு எண்ணும் ஒன்றாகிவிட்டது. பதிப்பு எண் ஒன்று என்பதால் தொகுப்பும் பூட்டிக்கொண்டது. தினமும் கெர்னல் மாற்றி மாற்றிச் சோதிக்கிற மாணவர்தான் இதில் முதலில் மாட்டுவார்!

பி.பி.எஃப். கருவிகளின் கதை இன்னும் தெளிவு. அவற்றின் நூலகமும் 'பி.பி.எஃப். டூல்' என்ற கருவியும் கெர்னல் மரத்துக்குள்தான் எழுதப்படுகின்றன. ஆனால் விநியோகஸ்தர்களுக்கு அவை தனியாகத் தேவைப்பட்டதால், இப்போது கிட்ஹப்பில் இரண்டுக்கும் தனி நகல் வைத்துப் பராமரிக்கிறார்கள். உள்ளே போனவற்றையே வெளியே எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த விஷயம் பட்டை. இங்கோ தரப்பின் இன்னொரு வாதம், கருவியும் கெர்னலும் ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைமுகத்தை ஒரே திருத்தத்தில் இரண்டு பக்கமும் சரிசெய்யலாம் என்பது. எழுதுகிறவருக்கு அது பெரிய சௌகரியம்தான். ஆனால் அந்த சௌகரியமே ஆபத்து. ஒரே வீட்டில் குச்சியும் பெட்டியும் செய்தால், பட்டை மருந்தைக் கொஞ்சம் மாற்றி அதற்கேற்ற மாதிரி குச்சியையும் மாற்றிவிட்டுப் போய்விடலாம். வீட்டுக்குள் எல்லாம் எரியும். பக்கத்து ஊர்க் குச்சி எரியாமல் போனது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். கெர்னலில் பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்று கண்டிப்பான விதி இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த விதியை உயிரோடு வைத்திருப்பவர்கள் வெளியே இருக்கும் பயனர்கள். ஈ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைமை கெர்னலுக்குள் இருக்கிறது, அதைச் சரிபார்க்கும் கருவிகள் வெளியே தனித் தொகுப்பாக இருக்கின்றன. இத்தனை வருடங்களில் அதனால் யாருடைய டிஸ்க்கும் அழிந்துபோகவில்லை.

கே.வி.எம். பட்டை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததன் பலன் பிறகுதான் தெரிந்தது. கூகுள் தன் குரோம் ஓ.எஸ்.-க்காக ரஸ்ட் மொழியில் 'கிராஸ்-வி.எம்.' எழுதியது. அந்த நிரலிலிருந்து கிளம்பி அமேசான் 'ஃபயர்கிராக்கர்' செய்து 2018 நவம்பரில் வெளியிட்டது. (பட்டாசு என்று பெயர் வைத்தவர்கள் சிவகாசிக்கு ராயல்டி தந்ததாகத் தெரியவில்லை!) லாம்டா சேவை அதன்மேல்தான் ஓடுகிறது. இவை எல்லாம் கெர்னல் மரத்துக்கு வெளியே, வேறு மொழியில், வேறு ஆட்களால், யாரிடமும் உத்தரவு கேட்காமல் செய்யப்பட்ட குச்சிகள். கெர்னலுக்குள் ஓர் 'அதிகாரபூர்வ' குச்சி உட்கார்ந்திருந்தால் இவை வந்தே இருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் "அதுதான் உள்ளேயே இருக்கிறதே, இது எதற்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கும்.

பெக்காவின் எண்ணத்தில் ஒரு பாதி ஜெயித்தது என்பதையும் சொல்ல வேண்டும். சின்னதாக, தேவையானதை மட்டும் வைத்துக்கொண்ட கருவி வேண்டும் என்ற அவர் பிடிவாதம் சரியானது. 2015-ல் 'வெனம்' என்ற பாதுகாப்புப் பிழை க்யூஎமுவில் வெளிப்பட்டது. எங்கே? யாரும் பயன்படுத்தாத ஃப்ளாப்பி டிரைவ் பகுதியில். 2004 முதல் அங்கேயே பதுங்கியிருந்தது. ஃப்ளாப்பியே இல்லாத கருவிக்கு அந்தக் கவலை இல்லை. ஃபயர்கிராக்கர் எடுத்துக்கொண்டதும் இதே சிக்கனத்தைத்தான். அந்தச் சிக்கனத்துக்கும் கெர்னல் மரத்துக்குள் இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்றதுதான் அன்றைய கோளாறு.

உள்ளே இடம் கிடைத்தாலே ஆயுள் கெட்டி என்பதும் இல்லை. ரஸ்டி ரஸ்ஸல் எழுதிய 'எல்-கெஸ்ட்' என்ற சின்ன விர்ச்சுவல் மெஷின் வசதி 2007-ல் 2.6.23 கெர்னலில் சேர்ந்தது. அதை இயக்கும் நிரலும் உள்ளேயே இருந்தது. அதுவும் எங்கே? ஆவணங்கள் வைக்கும் அடைவில்! படித்துக் கற்றுக்கொள்ள மிக நல்ல நிரல். ஆனால் பயன்படுத்த ஆளில்லாமல் 2017-ல் 4.14 பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

இனி மறுபடியும் அந்த ஒரே கணினி மாணவருக்கு வருவோம். கதவு திறந்தது என்று மேலே சொன்னோமே, அந்தக் கதவில் ஒரு பூட்டு இருந்தது. கே.வி.எம். டூல் ஓட பிராசசரில் விர்ச்சுவல் மெஷினுக்கான வசதி கட்டாயம் வேண்டும். இன்டெல் அந்தக் காலத்தில் மலிவு விலை செலரான், பென்டியம் டூயல் கோர் சில்லுகளில் பலவற்றில் அதைக் கொடுக்கவில்லை. நெட்புக்குகளில் வந்த ஆட்டம் சில்லுகளிலும் இல்லை. செகண்ட் ஹேண்டில் அசெம்பிள் செய்த மெஷின் என்றால் பெரும்பாலும் இந்த ரகம்தான். அந்த மெஷினில் கெர்னல் மரத்துக்குள் இருக்கும் அழகான 5,000 வரி நிரல் ஒரு வரி கூட ஓடாது. மாறாக, எல்லோரும் குண்டு, அசிங்கம் என்று திட்டிய க்யூஎமு ஓடும். ஏனென்றால் அதற்குள் பிராசசரையே மென்பொருளில் நடித்துக்காட்டும் பகுதி உண்டு. மெதுவாகத்தான் ஓடும். கட்டை வண்டி வேகம். ஆனாலும் ரீபூட் செய்துகொண்டிருப்பதைவிட எவ்வளவோ மேல். ஏழை மாணவரின் பெயரால் கேட்கப்பட்ட வசதி, அதிக விலை மெஷின் வைத்திருந்தவருக்கு மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த மாணவருக்கு உண்மையில் தேவைப்பட்டவை இரண்டு. ஒன்று, விர்ச்சுவல் மெஷினுக்குள் பூட் ஆகக்கூடிய கெர்னல் அமைப்பைக் குழப்பமில்லாமல் தயாரிக்கும் வழி. ஆயிரக்கணக்கான கெர்னல் ஆப்ஷன்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முதல் தடவை உட்காருபவருக்கு எப்படித் தெரியும்? இது கெர்னலைப் பற்றிய அறிவு. ஆகவே கெர்னல் மரத்துக்குள் இருக்க வேண்டியது. 2013-லேயே 'மேக் கே.வி.எம். கான்ஃபிக்' என்ற கட்டளையாக அது உள்ளே வந்துவிட்டது. இப்போது 'கே.வி.எம். கெஸ்ட் கான்ஃபிக்' என்ற பெயரில் இருக்கிறது. அந்தச் சண்டையில் கெர்னலுக்குப் போக வேண்டிய சரியான துண்டு இதுதான், அது போய்விட்டது. இரண்டாவது, க்யூஎமுவின் ஆப்ஷன் காட்டைத் தாண்டி ஒரே கட்டளையில் ஓட்டும் வழி. ஆண்டி லுட்டோமிர்ஸ்கி எழுதிய 'விர்ட்-மீ', அதிலிருந்து ஆண்ட்ரியா ரிகி வளர்த்த 'விர்ட்-மீ என்.ஜி.' இரண்டும் அதைத்தான் செய்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கோப்புகளையே உள்ளே காட்டும் அதே உத்தி, உள்ளே ஓடுவது க்யூஎமு. டெபியனிலும் உபுண்டுவிலும் தொகுப்பாகவே கிடைக்கிறது. கெர்னல் மரத்தில் இல்லை. இல்லாததால் யாருக்கும் குறையும் இல்லை.

கே.வி.எம். டூல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சாகவில்லை. கெர்னல் மரத்திலிருந்து பிரித்துத் தனி நிரலாக்கி, வில் டீக்கன் பராமரிக்கிறார். ஏ.ஆர்.எம். சில்லுகளுக்கான கே.வி.எம். வேலைகளில் புது வசதியை முதலில் சோதித்துப் பார்க்கும் களம் பெரும்பாலும் அதுதான். ரிஸ்க்-ஃபைவ் சில்லுகளுக்கான கே.வி.எம்.-ஐ எழுதியவர் அனூப் படேல் என்ற இந்தியப் பொறியாளர். கே.வி.எம். டூலுக்கும் ரிஸ்க்-ஃபைவ் ஆதரவைச் சேர்த்தவர் அவரே. அவருடைய கெர்னல் திருத்தங்கள் 2019-ல் வெளிவந்தன. ஆனால் ரிஸ்க்-ஃபைவ் அமைப்பு அந்த வசதிக்கான விவரக்குறிப்பை இறுதி செய்யும்வரை உள்ளே விட மாட்டோம் என்று நிறுத்திவைத்தார்கள். 2022 ஜனவரியில் வந்த 5.16 பதிப்பில்தான் இடம் கிடைத்தது. இரண்டரை வருடம் வாசலில் நின்ற அந்தக் காலத்தில் வெளியே இருந்த சின்னக் குச்சியை வைத்து அவரால் வேலையைத் தொடர முடிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி பிராசசரும் இதே ரிஸ்க்-ஃபைவ் குடும்பம்தான் என்பதால், இந்த வேலை தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ரொம்பத் தூரத்து விஷயம் இல்லை.

லேபில் இருக்கும் மெஷினில் 'வி.எம்.எக்ஸ்' என்றோ 'எஸ்.வி.எம்' என்றோ இருக்கிறதா என்று பிராசசர் தகவல் கோப்பில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தால் கே.வி.எம். டூலை இறக்கி 'மேக்' என்று தட்டினால் போதும், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் தயாராகியிருக்கும். இல்லையென்றால் க்யூஎமு. கெர்னல் கம்பைல் ஆகத்தான் நேரம் பிடிக்கும், அதை ராத்திரியில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.